எலும்பு பலவீனத்திற்கான மருந்துகள்: பக்கவிளைவுகளைக் குறைப்பது எப்படி?



வயதான உம்மா ஒளுச் செய்யப் போன இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்ற செய்தியைக் கேள்விப்படாத குடும்பம் நம்மில் குறைவு. அறுவை சிகிச்சை முடிந்ததும், எலும்பு பலவீனமாக இருப்பதாகச் சொல்லி மருத்துவர் வாரம் ஒரு மாத்திரையோ, ஆறு மாதத்திற்கு ஓர் ஊசியோ எழுதித் தருகிறார். சில மாதம் ஒழுங்காக நடக்கும். பிறகு நெஞ்செரிச்சல் வரும், அல்லது "இந்த மருந்து தாடை எலும்பை அழுகச் செய்யும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வரும். அத்துடன் மருந்து நின்றுவிடும்.

இந்த மருந்துகளுக்குப் பக்கவிளைவுகள் உண்டு என்பது உண்மை. அவற்றில் பெரும்பாலானவற்றைச் சரியான முறையால் தடுக்கலாம் என்பதும் உண்மை. மருந்தைத் திடீரென நிறுத்துவதே சில நேரங்களில் பெரிய ஆபத்தாகிவிடும் என்பது பலருக்குத் தெரியாத மூன்றாவது உண்மை. நோய்க்கு மருந்து தேடும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். அந்த மருந்தை அறிந்து உட்கொள்வது நம் பொறுப்பு. இக்கட்டுரை மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. அவரிடம் சரியான கேள்விகளைக் கேட்க உதவுவதற்காக எழுதப்படுகிறது.

எது இந்த நோய்?

நம் பேச்சு வழக்கில் "எலும்புத் தேய்மானம்" என்ற ஒரே சொல்லை இரண்டு நோய்களுக்குப் பயன்படுத்துகிறோம். முழங்காலில் எலும்புகளுக்கு இடையே உள்ள குருத்தெலும்பு தேய்ந்து வலிப்பது மூட்டுத் தேய்மானம். எலும்பின் அடர்த்தி உள்ளே குறைந்து, சாதாரணமாக விழுந்தாலே முறியும் நிலைக்கு வருவது ஆஸ்டியோபோரோசிஸ் எனும் எலும்புப்புரை. இதற்கு வலி இருக்காது. முதல் எலும்பு முறியும்போதுதான் பலருக்கும் தெரியவருகிறது. டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை எனக் கணக்கிடுவார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், ஆஸ்துமா, முடக்குவாதம் போன்றவற்றுக்காக ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும் இது அதிகம்.

நம் எலும்பு எப்போதும் கரைந்து, மீண்டும் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. வயதாகும்போது கரைப்பு கட்டுமானத்தை முந்திவிடுகிறது. பெரும்பாலான மருந்துகள் கரைப்பின் வேகத்தைக் குறைப்பவை. அலென்ட்ரோனேட் (வாரம் 70 மி.கி.), ரைசெட்ரோனேட் (வாரம் 35 மி.கி.), இபாண்ட்ரோனேட் (மாதம் 150 மி.கி.) ஆகிய மாத்திரைகளும், ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஜோலெட்ரோனிக் ஆசிட் 5 மி.கி. மருந்தும் பிஸ்பாஸ்போனேட் என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை. ஆறு மாதத்திற்கு ஒருமுறை தோலின் கீழ் போடும் டெனோசுமாப் வேறு வகை. டெரிபாராடைட் என்ற தினசரி ஊசி, எலும்பைப் புதிதாகக் கட்டுவதைத் தூண்டுகிறது.

மாத்திரையும் உணவுக்குழாயும்

அலென்ட்ரோனேட் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகிவிடும். நெஞ்செரிச்சல், விழுங்கும்போது வலி என்று வருபவர்களில் பலர் மாத்திரையைத் தவறான முறையில் சாப்பிடுபவர்களே. முறை இதுதான்:

• காலையில் எழுந்ததும், டீ கூடக் குடிக்காத வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும்.
• ஒரு பெரிய டம்ளர் நிறைய வெறும் தண்ணீருடன் விழுங்க வேண்டும். பால், டீ, காபி, ஜூஸ் எதுவும் கூடாது. அவற்றுடன் சாப்பிட்டால் மருந்து உடலில் சேராது.
• மெல்லவோ, வாயில் ஊறவைக்கவோ கூடாது.
• பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தோ, நின்றோ, நடந்தோ இருக்கலாம்; படுக்கக் கூடாது. இபாண்ட்ரோனேட் என்றால் ஒரு மணி நேரம்.
• அந்த நேரம் முடிந்த பிறகே உணவும் மற்ற மாத்திரைகளும். கால்சியம் மாத்திரையை மதியம் அல்லது இரவுக்கு மாற்றிவிடுவது நல்லது.

நம் வீடுகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. சுப்ஹு தொழுகையை முடித்துவிட்டு மாத்திரையைச் சாப்பிட்டு, அந்த அரை மணி நேரத்தைக் குர்ஆன் ஓதுவதிலும் திக்ரிலும் கழிக்கலாம். மாத்திரை சாப்பிட்ட உடனே தொழ நின்றால், ருகூஉவிலும் சுஜூதிலும் குனியும்போது இரைப்பையில் உள்ளது மேலே வர வாய்ப்புண்டு. எனவே தொழுகை முதலில், மாத்திரை பிறகு. வெள்ளிக்கிழமை போல ஒரு கிழமையை நிலையாக வைத்துக்கொண்டால் மறக்காது.

நேராக உட்கார முடியாத நோயாளிகளுக்கும், உணவுக்குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கும் இந்த மாத்திரை ஏற்றதல்ல. விழுங்குவதில் சிரமம் ஏற்பட்டால் மாத்திரையை நிறுத்தி, உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஊசி வடிவத்திற்கு மாற்ற அவரால் முடியும்.

ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து

ஜோலெட்ரோனிக் ஆசிட் ஏற்றிய முதல் மூன்று நாட்களுக்குள் காய்ச்சல், உடல் வலி, தலைவலி வருவது சகஜம். 2007-ல் வெளியான பெரிய ஆய்வில், முதல் முறை ஏற்றியபோது ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இப்படி வந்தது. இரண்டாம் ஆண்டில் இது 100 பேரில் 7 பேருக்கும், மூன்றாம் ஆண்டில் 3 பேருக்கும் மட்டுமே ஏற்பட்டது. அதே ஆய்வில் மூன்று ஆண்டுகளில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும், இடுப்பு எலும்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தன. முதல் காய்ச்சலைக் கண்டு பயந்து அடுத்த ஆண்டு போகாமல் இருப்பவர்கள், கஷ்டத்தை அனுபவித்துவிட்டுப் பலனை இழக்கிறார்கள். பாரசிட்டமால் மாத்திரை இதைத் தணிக்கும்; எத்தனை, எப்போது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது சிறுநீரகம். மருந்து ஏற்றுவதற்கு முன் கிரியாட்டினின் பரிசோதனை அவசியம். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (கிரியாட்டினின் கிளியரன்ஸ்) நிமிடத்திற்கு 35 மி.லி.க்குக் கீழே இருந்தால் இந்த மருந்து கொடுக்கக் கூடாது. மருந்தை 15 நிமிடத்திற்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். அன்று தண்ணீர் நன்றாகக் குடித்திருக்க வேண்டும். மூட்டு வலிக்கான வலி நிவாரணி மாத்திரைகளை வழக்கமாகச் சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கால்சியமும் வைட்டமின் டி-யும்

எலும்புக் கரைப்பை மருந்து தடுக்கும்போது, எலும்பிலிருந்து இரத்தத்திற்கு வரும் கால்சியமும் குறைகிறது. உடலில் வைட்டமின் டி ஏற்கெனவே குறைவாக இருந்தால் இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். உதட்டைச் சுற்றி மரத்துப்போதல், விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, தசைப்பிடிப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். எனவே ஊசி மருந்துகளைத் தொடங்குமுன் இரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி அளவுகளைப் பார்த்து, குறை இருந்தால் சரிசெய்துவிட வேண்டும். குறிப்பாக, சிறுநீரகம் மிகவும் பழுதடைந்து டயாலிசிஸ் செய்பவர்களுக்கு டெனோசுமாப் ஊசியால் கால்சியம் கடுமையாக இறங்கும் என 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிக உயர்ந்த நிலை எச்சரிக்கையை வெளியிட்டது.

அளவு மீறுவதும் தவறுதான். ஐம்பது வயதைக் கடந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து 1000 முதல் 1200 மி.கி. கால்சியம் போதும். 100 மி.லி. பாலில் ஏறத்தாழ 120 மி.கி., 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி. இருக்கிறது. உணவில் கிடைப்பதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் மாத்திரையாக எடுத்தால் மலச்சிக்கலும் சிறுநீரகக் கல்லும் வரும் வாய்ப்பு குறையும். கால்சியம் கார்பனேட் மாத்திரையை உணவுடன் சாப்பிட வேண்டும். கேஸ் மாத்திரையைத் தினமும் சாப்பிடுபவர்களுக்கு அது சரியாகச் சேராது. அவர்களுக்குக் கால்சியம் சிட்ரேட் பொருந்தும்.

60,000 யூனிட் வைட்டமின் டி பெரும்பாலும் வாரம் ஒருமுறைக்கானது. சீட்டைச் சரியாகப் படிக்காமல் தினமும் ஒன்று கொடுத்தால் கால்சியம் ஏறி வாந்தி, அதிக தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் வரும். சிறுநீரகமும் பாதிக்கப்படும். முதியவர்களின் மாத்திரைப் பெட்டியைக் கவனிக்கும் பிள்ளைகள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பர்தா அணியும் நம் பெண்கள் வெயில் படுவது குறைவு. வீட்டு முற்றத்திலோ, மறைவான மொட்டை மாடியிலோ கைகால்களில் சற்று வெயில் படும்படி இருக்க மார்க்கத்தில் எந்தத் தடையும் இல்லை.

தாடை எலும்பு குறித்த பயம்

வாட்ஸ்அப்பில் வரும் செய்தியின் மூலம் இதுதான். பிஸ்பாஸ்போனேட் சாப்பிடுபவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல், தாடை எலும்பு வெளியே தெரியும் நிலை ஏற்படுவதை 2003-ல் மருத்துவ உலகம் கவனித்தது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர், புற்றுநோய் எலும்புக்குப் பரவியதால் மிக அதிக அளவு மருந்தை அடிக்கடி ஏற்றிக்கொண்டவர்கள். எலும்புப்புரைக்காகக் கொடுக்கும் அளவில் இது பத்தாயிரத்தில் ஒருவர் முதல் லட்சத்தில் ஒருவர் வரை என்று 2015-ல் பன்னாட்டு நிபுணர் குழு மதிப்பிட்டது.

அந்தச் சிறிய ஆபத்தையும் குறைக்கலாம்:

• மருந்தைத் தொடங்குமுன் பல் மருத்துவரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி, புண் ஆறிய பின் தொடங்கலாம்.
• தொடங்கிய பிறகு பல் வலி வந்தால், இந்த மருந்து எடுப்பதைப் பல் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். வேர் சிகிச்சையால் பல்லைக் காப்பாற்ற முடிந்தால் பிடுங்குவதை விட அது நல்லது.
• சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். பீடி, சிகரெட், வெற்றிலையுடன் புகையிலை ஆகியவற்றை விட வேண்டும்.
• வாய்ச் சுத்தம் பேண வேண்டும். ஒவ்வொரு ஒளுவின்போதும் மிஸ்வாக் செய்யும் சுன்னத்தை உயிர்ப்பிப்பவருக்கு நன்மையும் கிடைக்கும், பற்களும் காக்கப்படும்.
• பொருந்தாத பல்செட் ஈறில் உரசிப் புண்ணாக்கும்; அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

தொடை வலியை அலட்சியம் செய்யாதீர்கள்

பல ஆண்டுகள் தொடர்ந்து எடுக்கும்போது, மிகச் சிலருக்குத் தொடை எலும்பின் நடுப்பகுதி, விழாமலேயே முறியலாம். முறிவதற்கு வாரங்கள் அல்லது மாதங்கள் முன்பே தொடையிலோ கவட்டியிலோ மந்தமான வலி இருக்கும். இந்த மருந்து எடுப்பவர் அப்படிச் சொன்னால், வயசு வலி என்று தைலம் தேய்த்து விட்டுவிடாமல் இரண்டு தொடைகளுக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். விரிசல் நிலையிலேயே கண்டுபிடித்தால் முழு முறிவைத் தடுக்கலாம்.

2020-ல் வெளியான கலிபோர்னிய ஆய்வு ஒன்று, இந்த முறிவு ஆசிய வம்சாவளிப் பெண்களுக்கு வெள்ளையரை விட அதிகம் என்று காட்டியது. அதே ஆய்வின் கணக்குப்படி, பத்தாயிரம் ஆசியப் பெண்கள் மூன்று ஆண்டுகள் மருந்து எடுத்தால் 91 இடுப்பு முறிவுகள் தடுக்கப்படுகின்றன. இத்தகைய தொடை முறிவு 8 பேருக்கு ஏற்படுகிறது. இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்ப்பதே நீதியான கணக்கு.

மருந்தின் கால அளவு கூடக் கூட இந்த ஆபத்து கூடுகிறது. நிறுத்தினால் விரைவாகக் குறைகிறது. அதனால்தான் மாத்திரை 5 ஆண்டு, ஆண்டு ஊசி 3 ஆண்டு முடிந்ததும் மீண்டும் மதிப்பிட்டு, ஆபத்து குறைந்தவர்களுக்கு மருந்து விடுமுறை கொடுப்பது வழக்கம். பிஸ்பாஸ்போனேட் எலும்பிலேயே தங்கியிருப்பதால் விடுமுறைக் காலத்திலும் சில ஆண்டுகள் பலன் தொடரும். பத்து ஆண்டாக யாரும் கேட்காமல் ஒரே சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டிருப்பவர்கள், அடுத்த முறை மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.

ஆறு மாத ஊசி: தள்ளிப்போடவே கூடாது

டெனோசுமாப் ஊசிக்கு மேற்சொன்ன விடுமுறை பொருந்தாது. இதன் வேலை ஆறு மாதத்தோடு முடிந்துவிடும். அதன் பிறகு, அடக்கி வைத்திருந்த கரைப்பு முன்பை விட வேகமாகத் திரும்பி வரும். ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரே நேரத்தில் பல முதுகெலும்புகள் நொறுங்கிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. முந்தைய ஊசியிலிருந்து ஏழு மாதத்தைத் தாண்டக் கூடாது என்பதே வழிகாட்டல். செலவு, பயணம், பயம் என எந்தக் காரணத்தால் நிறுத்த நேர்ந்தாலும், அதற்குப் பதிலாக ஜோலெட்ரோனிக் ஆசிட் அல்லது அலென்ட்ரோனேட் கொடுக்கும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும். இந்த ஊசியைத் தொடங்குமுன்பே, தொடர்ந்து போட வசதி இருக்கிறதா என்று குடும்பம் கூடிப் பேசிவிடுவது நல்லது.

டெரிபாராடைட் ஊசிக்கும் இது பொருந்தும். பொதுவாக 2 ஆண்டுகள் முடிந்ததும் வேறு மருந்தால் தொடராவிட்டால், கட்டிய எலும்பு மீண்டும் கரைந்துவிடும். முதல் சில ஊசிகளின்போது எழுந்து நின்றால் தலைசுற்றலாம் என்பதால் உட்கார்ந்து போட்டுக்கொள்ள வேண்டும். ரலோக்சிஃபீன் மாத்திரையால் காலில் இரத்தக் கட்டி ஏற்படும் ஆபத்து உண்டு. முன்பு அப்படி வந்தவர்களுக்கு அது கூடாது. அறுவை சிகிச்சை போன்ற நீண்ட படுக்கைக்குக் குறைந்தது மூன்று நாட்கள் முன்பே அதை மருத்துவரைக் கேட்டு நிறுத்த வேண்டும்.

நோன்பு, தொழுகை, பயணம்

வாரம் ஒரு மாத்திரை எடுப்பவருக்கு ரமளானில் நான்கைந்து முறைதான் வரும். முந்தைய இரவு உணவைச் சீக்கிரம் முடித்து, சஹருக்கு அரை மணி நேரம் முன்பே எழுந்து மாத்திரையைத் தண்ணீருடன் சாப்பிட்டு, நேரம் கழித்து சஹர் உணவு உண்ணலாம். கால்சியத்தை நோன்பு திறந்த பின் இரவு உணவுடன் வைத்துக்கொள்ளலாம்.

உணவாகப் பயன்படாத ஊசிகள், தோலின் கீழோ தசையிலோ நரம்பிலோ போட்டாலும் நோன்பை முறிக்காது என்று 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்தது. எனவே டெனோசுமாப் தேதி ரமளானில் வந்தால் "பெருநாள் கழியட்டும்" என்று தள்ளிப்போட வேண்டாம். ஆண்டு ஊசியின் நிலை வேறு. அன்று நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், காய்ச்சலும் வரலாம். அதன் தேதியை மருத்துவரிடம் பேசி ரமளானுக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளலாம். நோயின் கடுமையால் நோன்பு நோற்க முடியாதவருக்கு அல்குர்ஆன் (2:184, 185) தந்த சலுகை இருக்கவே இருக்கிறது. கழாவா, ஃபித்யாவா என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதுகெலும்பு ஏற்கெனவே நொறுங்கியவர்களுக்கு, முன்னால் வளைந்து குனிவது அடுத்த எலும்பையும் நொறுக்கலாம். மருத்துவர் குனிய வேண்டாம் என்றால், உட்கார்ந்து சைகையால் ருகூஉ, சுஜூது செய்ய மார்க்கம் அனுமதிக்கிறது. இம்ரான் இப்னு ஹுசைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி புகாரியில் பதிவாகியுள்ளது. நாற்காலியில் தொழுவதால் நன்மை குறைந்துவிடுமோ என்று முதியவர்கள் மனம் வருந்தத் தேவையில்லை.

ஹஜ், உம்ரா செல்பவர்கள் ஊசித் தேதியைப் பயணத்திற்கு முன்பே கணக்கிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். டெரிபாராடைட் பேனாவை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும் என்பதால் அறையில் ஃபிரிட்ஜ் உண்டா எனக் கேட்டுக்கொள்ளுங்கள். ரலோக்சிஃபீன் எடுப்பவர்கள் விமானத்தில் அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும்.

ஹலால் பற்றியும் கேட்கிறார்கள். மருந்துகளில் உள்ள வைட்டமின் டி3 பெரும்பாலும் செம்மறி ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. அதில் சிக்கல் இல்லை. கேப்சூலின் ஜெலட்டின் உறை குறித்துச் சந்தேகம் இருந்தால், அதே மருந்து பொடியாகவும் மெல்லும் மாத்திரையாகவும் திரவமாகவும் கிடைக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். சந்தேகத்தின் பேரில் மருந்தையே விட்டுவிட வேண்டாம்.

கருஞ்சீரகமும் தேனும் நம் சுன்னத்தான உணவுகள். அவற்றை உண்ணுங்கள், எலும்பு மருந்துக்குப் பதிலாக வைக்காதீர்கள். மூட்டு வலிக்கு என்று பெயரில்லாத பொட்டலத்தில் விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது எலும்பை மேலும் கரைக்கும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. இந்த மருந்து எத்தனை ஆண்டுகளுக்கு? எப்போது மறுபரிசீலனை?
2. தொடங்குமுன் கால்சியம், வைட்டமின் டி, கிரியாட்டினின் பார்த்தாகிவிட்டதா?
3. பல் மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?
4. ஒரு வேளை தவறினால் என்ன செய்வது?
5. நிறுத்துவதானால் அடுத்து எந்த மருந்து?

மருந்து எவ்வளவு நல்லதானாலும் விழாமல் இருப்பது அதைவிட நல்லது. ஒளுச் செய்யும் இடத்தில் வழுக்காத விரிப்பு, கழிப்பறையில் கைப்பிடி, தஹஜ்ஜுதுக்கு எழுபவர்களின் வழியில் ஒரு சிறு விளக்கு ஆகியவற்றை இந்த வாரமே நம் வீடுகளில் செய்துவிடலாம். பெற்றோருக்குப் பணிவிடை செய்வதில் இதுவும் சேரும்.

வல்ல அல்லாஹ் நம் பெற்றோருக்கும் நமக்கும் ஆரோக்கியத்துடன் கூடிய நீண்ட ஆயுளையும், கடைசி வரை அவனுக்குச் சுஜூது செய்யும் பாக்கியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.